அரசிலை வில்லை

ஆவணி 3, திங்கள்

மார்கழி பிறந்த அன்றைக்கு ஆற்றுத் தண்ணீர் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து டீக்கடை பெஞ்சு மிதந்து போனதே, அதற்கு அடுத்த ஆவணி இது. டெல்லிக்கு ஓட்டுப் போட்டபோது வைத்த மை என் நக நுனியில் இன்னும் ஒரு கீற்று பாக்கி இருக்கிறது. வருஷத்துக்கு நம்பர் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

சொல்கிறது நான். எழுதுகிறது என் மருமகள் சண்முகக்கனி. பத்திர ஆபீஸ் வாசலில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினாறு வருஷமாக எழுதுகிறவள். நான் பேசுவதைப் பத்திரத் தமிழில் கொஞ்சம் நிமிர்த்திப் போடுவாள். ஆனால் அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு எழுத்து கிடையாது. சம்பளம் வாங்கியதும் பெருவிரல், பென்ஷன் வாங்குகிறதும் பெருவிரல். என் பேரை எழுதினால் அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாமல் எண்பத்தோரு வயசு ஓடிவிட்டது.

இந்த நோட்டு ஏன் என்றால், எனக்கு ஞாபகம் தப்புகிறதாம். போன மாசம் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்து மறந்துவிட்டேன். கனியை ஒருநாள் 'பிரமு' என்று கூப்பிட்டுவிட்டேன். பிரமு என் பெண்டாட்டி, போய்ப் பதினொரு வருஷம். உடனே டாக்டர். அவர், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். இட்லியை ஞாபகம் வைத்து என்ன செய்யப் போகிறேன்? அவர் ஆஸ்பத்திரி நிற்கிற இடத்தில் முன்னே யார் வீடு இருந்தது, அந்த வீட்டு நாய்க்கு எந்தக் காது மடங்கியிருக்கும் என்று சொன்னேன். தினமும் நடந்ததைச் சொல்லி எழுதி வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இன்றைக்கு நடந்தது இது. என் மகன் சந்திரபோஸ் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தான். நாற்பத்தொன்பது வயசு, ஒரு காலேஜில் ஆபீஸ் வேலை, பிள்ளை இல்லை.

"அப்பா, ஒரு நாய்க்குட்டி வாங்கலாம்னு இருக்கோம்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். பகல் பூரா நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருதோம். நீங்க ஒத்தையில கெடக்கீங்க. பேச்சுத்துணை வேணும்னு டாக்டர் சொன்னாருல்லா."

"நாய் பேசுமாலே?"

"நீங்க பேசுங்க. அது கேக்கும்."

"எங்கே இருந்து கொண்டாரப் போறே?"

"கடையிலதான். பெட் ஷாப்பு. ஏசி போட்டு வச்சிருக்கான்."

சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. முப்பத்தோரு வருஷம் முனிசிபாலிட்டி நாய் வண்டியில் போனவன் நான். சுருக்குக் கம்பி என் கையில்தான் இருக்கும். தெருவில் அலைந்ததை எல்லாம் வாரிக்கொண்டு போய்ப் பட்டியில் போட்டுக் கொன்றோம். அதே சாதியை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர வைத்து விற்கிறான், வாங்கப் போகிறவன் என் மகன், துணை எனக்கு. போஸ் அக்கம்பக்கத்தில் என் வேலையை 'ஹெல்த் டிபார்ட்மென்ட்' என்றுதான் சொல்லுவான். நாய்களின் ஹெல்த்தை நாங்கள் பார்த்துக்கொண்ட விதம் அவனுக்குத் தெரியும்.

"நம்ம வீட்ல முன்னால நாய் இருந்துச்சா மாமா?" என்று எழுதிக்கொண்டே கனி கேட்கிறாள்.

ஒன்று இருந்தது. போஸ் பள்ளிக்கூடம் போகிற காலத்தில். ஓடிப்போய்விட்டது. அதையே எழுது. ஓடிப்போய்விட்டது.


ஆவணி 5, புதன்

மோட்டார் ரிப்பேர். குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தேன். முருங்கையில் கம்பளிப்பூச்சி.

போனில் குட்டிகளைக் காட்டினார்கள். தங்க நிறம், உடம்பெல்லாம் சடை. அக்னி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கச் சொன்னால் இந்தப் போஸ் நிற்பானா என்று கேட்டேன். ஃபேன் போடுவோம் என்கிறான். கரண்ட் போனால்? இன்வெர்ட்டர் இருக்கிறதாம். நாய்க்கு இன்வெர்ட்டர்.

"தாயைப் பாத்தீங்களா?" என்றேன்.

"எதுக்கு மாமா?"

எதுக்காம். பெண் பார்க்கப் போனால் அம்மாக்காரியையும் பார்க்கிறீர்கள். தாய்மடி வற்றிக் கிடக்கிறதா, தோல் பிய்ந்து கிடக்கிறதா, மனுஷ வாடை கண்டால் ஒடுங்குகிறதா என்று பார்த்தால் குட்டியின் பாதிக் கதை தெரிந்துபோகும். தாயைக் காட்ட மாட்டேன் என்கிறவன் ஏதோ ஒன்றை மறைக்கிறான். எத்தனை நாள் குட்டி, எத்தனை நாள் பால் குடித்தது, கடைக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு, கூடக் கிடந்த குட்டிகள் என்ன ஆச்சு, எதையாவது கேட்டார்களா? கேட்கவில்லை. நிறத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

"எல்லாம் புத்தகத்துல இருக்கும் மாமா. தடுப்பூசிப் புத்தகம் தருவாங்க. சீலு, கையெழுத்து எல்லாம் இருக்கும்" என்கிறாள் கனி. அவளுக்குக் காகிதம் இருந்தால் போதும். காகிதத்தில் வீடு இருந்தால் தரையிலும் வீடு இருக்கிறது என்று நம்புகிற கூட்டம்.

எங்கள் காலத்தில் நாய்க்குக் காகிதம் கிடையாது, வில்லை. லைசென்ஸ் கட்டின நாயின் கழுத்தில் பித்தளை வில்லை தொங்கும், நடுவில் நம்பர் அச்சடித்திருக்கும். பிடிக்கிறவன் எல்லாம் கைநாட்டு என்று ஆபீசுக்குத் தெரியும். அதனால் வருஷத்துக்கு ஒரு வடிவம். ஒரு வருஷம் வட்டம், மறு வருஷம் மூணு மூலை, அதற்கடுத்து அரசிலை. ஓடுகிற நாயைத் தூரத்தில் பார்த்தே இது இந்த வருஷத்து லைசென்ஸ், இது பழசு என்று சொல்லிவிடுவேன். கள்ள வில்லை ஒன்று என் கையைத் தாண்டிப் போனது கிடையாது. பெருவிரலால் தடவினால் போதும்.


ஆவணி 9, ஞாயிறு

வந்துவிட்டது. அட்டைப் பெட்டியில், ஓட்டை போட்டு, மாம்பழம் மாதிரி. இருபத்திரண்டாயிரமாம். தட்டு, மெத்தை, கடிக்க ரப்பர் எலும்பு தனி.

பேர் லட்டு. கனி வைத்தது. கூப்பிட என் வாய் வரவில்லை. 'ஏ' என்றேன், திரும்பிப் பார்த்தது.

மடியில் தூக்கிப் போட்டு வாயைத் திறந்து பார்த்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். வயிறு உருண்டை, முதுகெலும்பு கத்தி. போஸ் புத்தகத்தைப் பெருமையாகக் கையில் கொடுத்தான். மூன்று ஸ்டிக்கர், மூன்று சீல். தடவிப் பார்த்தேன், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் தடவிப் பார்த்தேன்.

"என்னப்பா, புத்தகம் நல்லாருக்கா?"

"புத்தகம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

என்ன பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு நான் சொல்வதில்லை. எழுது கனி, கேட்கவில்லை என்று எழுது.

இதை எழுதும்போது கேட்கிறாள்: "என்ன மாமா பாத்தீங்க?"

"பல்லு இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"இருக்கு, இருக்கு. எழுது."


ஆவணி 10, திங்கள்

அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் அதுவும். மூன்று இடத்தில் மூத்திரம், நான் துடைத்தேன். ரப்பர் எலும்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் இடுப்புச் சுருக்குப்பையைக் கவ்வி இழுத்தது. முதுகில் ஒன்று வைத்தேன். பைக்குள் என்ன கலகலக்கிறது என்று கனி கேட்கிறாள். பழைய சாமான்.

அடித்த பிறகும் வந்து காலில்தான் படுக்கிறது. ரோஷம் கெட்ட ஜென்மம். கால் மரத்துப்போய்விட்டது, எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மறுபடியும் கத்தும் என்பதற்காக.


ஆவணி 11, செவ்வாய்

சாப்பிடவில்லை. புது இடம், அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரன் போனில் சொன்னானாம். போஸ் அவன் சொன்னதை வேதவாக்கு மாதிரி என்னிடம் வந்து ஒப்பித்தான். நான் தலையை ஆட்டினேன். படித்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.


ஆவணி 12, புதன்

காலை பத்து மணிக்கு வாந்தி, மஞ்சள் நுரை. பதினோரு மணிக்கு வயிற்றாலே போனது. அந்த வாடை.

அந்த வாடையை ஒரு தரம் மோந்தவன் செத்தாலும் மறக்க மாட்டான். பட்டியில் ஒரு கோடைக்கு இருபது குட்டி அதில் போகும். ரத்த பேதி. துருப்பிடித்த இரும்பும் அழுகின மீனும் சேர்ந்த மாதிரி.

போனில் இவர்கள் நம்பரைத் தேடிப் பார்த்தேன். பச்சையைத் தொட்டால் போகும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாமே பச்சையாக இருந்தது. போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதை என் துண்டில் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஆட்டோக்காரன் எங்கே என்றான்.

"மாட்டாஸ்பத்திரிக்கு."

"மாடு எங்க தாத்தா?"

"நான்தாம்லே மாடு. ஓட்டு."

துண்டெல்லாம் ரத்தம். அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை முறுக்கினான். வேகமாகத்தான் போனான்.

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். குட்டியைத் தொட்டதும் முகம் மாறிவிட்டது. "தடுப்பூசி போட்டிருக்கா?"

"புத்தகத்துக்குப் போட்டிருக்கு" என்றேன்.

முன்காலில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. நாலு தரம் குத்தினாள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். கத்துவதற்கும் அதற்குத் தெம்பு இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. பிழைக்குமா என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், பாதிக்குப் பாதி என்று.


ஆவணி 13, வியாழன்

புத்தகத்தைக் கனி கொண்டுபோய் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். வந்ததிலிருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதுகிறாள்.

அறுபத்தஞ்சு நாள் குட்டி என்று போட்டிருக்கிறதாம். டாக்டர் குட்டியின் வாயைத் திறந்து காட்டினாராம். முன்பல் இப்போதுதான் முளைத்திருக்கிறது, கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. முப்பத்தைந்து நாள் இருந்தால் அதிகம். முதல் ஊசி போடுகிற வயசே இன்னும் வரவில்லையாம். மூன்று ஊசி போட்டதாக ஸ்டிக்கர். கையெழுத்துப் போட்ட டாக்டர் இந்த மாவட்டத்திலேயே இல்லை. தாய்ப்பாலைப் பாதியில் பிடுங்கி, எங்கிருந்தோ பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பியிருக்கிறான்.

"சீல் இருந்துச்சு மாமா. தேதி இருந்துச்சு. கையெழுத்து இருந்துச்சு. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் வாங்கினோம்."

"நாய் இருந்துச்சாம்மா அதுல?"

எழுதுவதை நிறுத்திவிட்டாள். கள்ளப் பத்திரம் வந்தால் மையை மோந்தே கண்டுபிடிக்கிறவள் என்று அவள் முதலாளி சொல்லுவார். வீடு, நிலம் என்றால் கண் திறக்கும். உயிர் என்றால் சீலைப் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறது. மூன்று தேதிக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. தாளின் பின்பக்கத்தைத் தடவினால் தெரியும்.

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்? அன்னைக்குத் தடவிப் பாத்தப்பவே தெரிஞ்சுதா?" என்கிறாள்.

இன்றைக்கு இது போதும். எனக்குத் தூக்கம் வருகிறது.


ஆவணி 14, வெள்ளி

மூன்றாவது நாள் டிரிப். தண்ணீர்கூட நிற்கவில்லை. போஸ் லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடக்கிறான்.

கனியும் நானும் கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு. உள்ளே ஊதுவத்தியும் மீன் தொட்டியும் சேர்ந்த வாசனை. வரிசையாகப் பெட்டி, பெட்டிக்கு ஒரு குட்டி, பெட்டிக்கு ஒரு பல்பு. கடைக்காரன் நிவாஸ், முப்பது வயசு, கையில் நாய்ப் பாதம் பச்சை குத்தியிருக்கிறான். பாசமாம்.

"குட்டிக்கு உடம்பு சரியில்லையா? சோ சேட் மேடம். வீட்ல எதாவது மாத்திக் குடுத்திருப்பீங்க."

"தாயைக் காட்டு" என்றேன்.

"தாய் பெங்களூர்ல இருக்கு சார்."

"பேர் என்ன?"

"யாருக்கு சார்?"

"தாய்க்குத்தான். அதுகூடத் தெரியாமலா நாள், தேதி எல்லாம் எழுதினே?"

அவன் என்னை விட்டுவிட்டுக் கனியைப் பார்த்தான். படித்தவள், சொன்னால் கேட்பாள் என்று நினைத்தான். "மேடம், பில்லுக்குப் பின்னால போட்டிருக்கோம், கடையை விட்டுப் போனா நாங்க பொறுப்பில்லைன்னு. ஆனாலும் உங்களுக்காக ஒண்ணு செய்யுதேன். அது போயிருச்சுன்னா அதே கலர்ல வேற குட்டி மாத்தித் தாரேன்."

"மாத்திக்கவா?" என்றாள் கனி. அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "அளவு சரியில்லாத ஜாக்கெட்டாடா அது?"

அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து நீளத் தாளை எடுத்து மடியில் அட்டையை வைத்து எழுத ஆரம்பித்தாள். மனுதாரர், எதிர்மனுதாரர், நாலு எல்லை, நடந்த விவரம். அவனைச் சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் இப்படி வேர்த்திருக்காது. அந்த நேரம் பார்த்துப் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் குட்டி வாங்க வந்தார்கள். அவர்கள் கை காட்டின குட்டியை நானே பெட்டிக்குள் கை விட்டு எடுத்து, வாயைத் திறந்து காட்டினேன். பல்லையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். அந்த அம்மா பார்த்தாள். புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"பெரியவரே, யாவாரத்தைக் கெடுக்காதீங்க. நாயைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

முப்பத்தோரு வருஷத்தையும் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். கடைசிப் பெட்டியில் ஒரு குட்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது. வாடை அங்கேயும் ஆரம்பித்துவிட்டது.

கனி மனுவைக் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். நாங்கள் சொன்னதும் டாக்டர் அந்தக் கடைசிப் பெட்டிக் குட்டியை எடுத்துவர ஆளை அனுப்பியிருக்கிறார். அந்தக் கடைக்காரனை நினைத்தால் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. நாங்கள் கொன்றோம்; வளர்க்கிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை.


ஆவணி 15, சனி

இருக்கிறது. அவ்வளவுதான் சொல்லலாம்.


ஆவணி 17, திங்கள்

நேற்றுச் சாயங்காலம் வாந்தி நின்றது. இன்றைக்குக் காலையில் போஸ் விரலில் தொட்டு வைத்த கஞ்சித் தண்ணீரை நக்கியது. நாக்கு வெளுத்துப்போய் இருந்தது, ஆனாலும் நக்கியது. மத்தியானம் எழுந்து நின்று, ஆடி, விழுந்தது. டாக்டர் சிரித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

போஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆறு நாள் தாடி. அவன் என் பக்கத்தில் இப்படி உட்கார்ந்து ரொம்ப வருஷம் ஆகிறது.

"அரை நாள் தள்ளிப்போயிருந்தா போயிருக்கும்னு டாக்டர் சொன்னாங்கப்பா. நீங்க தூக்கிட்டு ஓடினதாலதான் பொழச்சுது."

"ஆட்டோல போனேன்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பயம்பா. மறுபடியும்..." என்று ஆரம்பித்தவன் அதோடு நிறுத்திவிட்டான். என் முழங்காலில் கையை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அவன் எனக்கு நன்றி சொல்லுகிறான். இப்படி ஒரு முட்டாளை நான் பெற்றிருக்கிறேன்.


ஆவணி 18, செவ்வாய்

கனி, ஒன்பதாம் தேதி எழுதினதை எடு. படி. யாரும் கேட்கவில்லை என்று எழுதச் சொன்னேன். நீ கேட்டாய். பல் இருக்கிறதா என்று பார்த்தேன் என்று சொன்னேன். கடைவாயில் பல் இல்லை என்பதைத்தான் பார்த்தேன். புத்தகம் பொய் என்பதும் அன்றைக்கே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே டாக்டரிடம் காட்டியிருந்தால் இந்தப் பாடு பட்டிருக்காது. நான் சொல்லவில்லை. படித்தவர்கள் இரண்டு பேர் ஏமாந்து நிற்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. மூன்று நாள் அந்த ருசியில் இருந்தேன். குட்டி என் காலடியில் கிடந்து வெந்துகொண்டிருந்தது. இதை அடிக்காமல் எழுது.

எழுதிவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. "ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏன் என்றால், எனக்கு அதுதான் தெரியும். பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியும். கண்டுபிடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எவனும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஓடிப்போய்விட்டது என்று எழுதச் சொன்னேனே, அந்த நாய்.

பிரதம மந்திரி அம்மாவைச் சுட்டார்களே, அதற்கு முந்தைய ஆடி மாசம். போசுக்கு ஒன்பது வயசு. செவலைக் குட்டி ஒன்று எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. பஸ் எடுத்தால் பின்னாலேயே ஓடும், அதனால் பையன் அதற்குக் கண்டக்டர் என்று பேர் வைத்தான். அப்பா, கண்டக்டருக்கு ஒரு வில்லை வாங்கிக் குடுங்க என்று தினமும் கேட்பான். நாய் பிடிக்கிறவன் வீட்டு நாயை எவன் பிடிப்பான் போடா என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் நான் ஒரு தெருவில் நின்றேன், வண்டி இன்னொரு தெருவில். என்னோடு வண்டியில் வேலை பார்த்த சுடலை, பஸ் ஸ்டாண்டில் வைத்து அதைச் சுருக்குப் போட்டுவிட்டான். பட்டி வாசலில் இறக்கி, வில்லை பார்க்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். என்னைக் கண்டதும் அதற்கு வால் நிற்கவில்லை. கழுத்தில் வில்லை இருந்தது. அரசிலை. அந்த வருஷத்து வடிவம். பிரமுவின் ஓட்டைப் பித்தளைச் செம்பின் அடியை, என் கம்பி வெட்டுகிற கத்தரியாலேயே வெட்டி, பையன் செய்து மாட்டியிருக்கிறான். வெட்டு அவ்வளவு சுத்தம், சுடலைக்குத் தெரியவில்லை, டிரைவருக்குத் தெரியவில்லை. உயிரோடு தப்பியிருக்கும்.

மேஸ்திரி பிச்சையா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏலே கொம்பையா, இது உன் வீட்டு நாயா?" என்று கேட்டார்.

அந்த மாசம்தான் என்னை நிரந்தரம் பண்ணுவதாக இருந்தது. லைசென்ஸ் இல்லாத நாய் வைத்திருந்தால் வேலை போகும் என்று எனக்குப் பயம். வில்லையைத் தடவினேன். அச்சு இல்லை. ஆணியால் கீறின கீறல். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு வந்தது, இத்தனை பேருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று.

"என் வீட்டு நாய் இல்லை. கள்ள வில்லை" என்றேன்.

பையன் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்து, பைக்கட்டோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்பது நான் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அழவில்லை. அப்பா என்று கூப்பிடவும் இல்லை. திரும்பிப் போய்விட்டான். வீட்டில் பிரமு, நாய் எங்கே என்று கேட்டாள். ஓடிப்போய்விட்டது என்றேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "ஆமாம்மா, ஓடிப்போயிட்டு" என்று அவனும் சொன்னான். நாற்பது வருஷம் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அதே பையன்தான் எனக்குத் துணைக்கு என்று நாய் வாங்கி வந்திருக்கிறான்.

கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள். தாளில் விழாமல் பார்த்துக்கொள் என்றேன்.

சுருக்குப்பையை அவிழ்த்து அந்தப் பழைய சாமானை அவள் கையில் கொடுத்தேன். மேஸ்திரி குப்பையில் வீசினதை எடுத்து வைத்தது. பித்தளை, எதற்காவது ஆகும் என்றுதான் எடுத்தேன். பையன் என்ன நம்பர் போட்டிருக்கிறான், படி என்றேன்.

விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சேலைத் தலைப்பால் தேய்த்தாள்.

"நம்பர் இல்ல மாமா."

"பின்னே கீறினது?"

"பேரு."

"நாய் பேரா?"

"உங்க பேரு மாமா. கொம்பையான்னு கீறியிருக்கு."

வாங்கிப் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். இது என் பேர். இதுதான் அதன் லட்சணம். இந்தப் பேர் கழுத்தில் இருந்தால் எவனும் தொட மாட்டான் என்று அந்தப் பயல் நினைத்திருக்கிறான். பிச்சையாவுக்கு எழுத்துத் தெரியும். அதனால்தான் கேட்டிருக்கிறார். நான் ஆமாம் என்று சொல்லட்டும் என்றுதான் கேட்டிருக்கிறார். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று இத்தனை வருஷம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அவுகளைக் கூப்பிடட்டுமா மாமா?" என்கிறாள்.

இரு. முதலில் இதை எழுது. அன்றைக்கு அந்தக் கேட்டில் நின்றவர்கள். மேஸ்திரி பிச்சையா, மகள் கல்யாணத்துக்கு மறு வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். டிரைவர் அந்தோணிமுத்து, சர்க்கரையில் காலை எடுத்தார்கள், அப்புறம் ஆளே போய்விட்டார். சுடலை, சாராயத்தில் குடல் வெந்து போய்ச் சேர்ந்தான். கண்டக்டர், நான் சொன்ன ஒரு வார்த்தையில். என்னைத் தள்ளிவிட்டால் மிச்சம் ஒரே ஒரு ஆள்தான் உயிரோடு இருக்கிறான், அடுத்த அறையில் குட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு.

சந்திரபோஸ்.